நோன்பு முடிந்த மறுநாள்

தைப்பூசத்தன்று ஈப்போவின் புந்தோங் வட்டாரத்திலிருந்து குனோங் சீரோவிலுள்ள கல்லுமலை சுப்பிரமணியர் கோயில்வரை செல்லும் சாலையில் காவடிகள் அலையலையாய் அசைந்து செல்லும். ஒரு மண்டலம் புலாலை நீக்கி, மதுவை நீக்கி, தரையில் பாய்விரித்து உறங்கி, வைகறையில் நீராடி, வேலேந்தி வரும் அடியார்களின் முகத்தில் அன்று ஒரு தெளிவு காணப்படும். அந்தத் தெளிவைப் பாடாத மலேசியத் தமிழ்க் கவிஞர் அரியர். ஆயின் தைப்பூசத்திற்கு மறுநாளைப் பாடியோரும் அரியரே. நாற்பத்தெட்டு நாள் கள்ளைத் தொடாதிருந்த ஒருவன் அதற்கடுத்த நாள் மாலை எங்கே போய் நிற்கிறான் என்பது அறிஞர்க்கு ஓர் ஆராய்ச்சி வினாவாக இருக்கலாம். தோட்டத்து லயத்தில் விளக்கேற்றிவைத்து அவன் வரவை நோக்கியிருந்த மனைவிக்கோ அது அடுத்தநாள் உலைக்கு அரிசி உண்டா என்னும் வினாவாக இருந்தது.

மனிதன் ஒருநாள் மாறுவதையும், மாறியபின் அம்மாற்றத்திலேயே நிலைத்து வாழ்வதையும் இலக்கியம் ஒரே தன்மையில் எழுதுவதில்லை. முன்னது கதையாகும், பின்னது கதையாவதற்கு எளிதில் இணங்காது. பட்டினத்தாரின் துறவும், திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து வீழ்ந்த அருணகிரிநாதரை முருகன் ஆட்கொண்ட செய்தியும் தமிழ்மக்கள் நெஞ்சில் ஆழப் பதிந்தமைக்கு இதுவே காரணம். ஒரே கணத்தில் வாழ்வு திரும்புகிறது. கேட்போர் கண்ணீர் பெருக்குகின்றனர். டி. எம். சௌந்தரராசன் நடித்த 'பட்டினத்தார்' 1962-இலும் 'அருணகிரிநாதர்' 1964-இலும் திரைப்படங்களாக வெளிவந்தன. தோட்டத் திடல்களில் வெண்திரை கட்டிப் படம் காட்டிய அக்காலத்தில், இத்தகைய கதைகளைக் கண்டு கைகூப்பியவர் பலர். கைகூப்பியவருள் எத்தனைபேர் அவ்வாரச் சம்பளத்தை முழுமையாக வீட்டிற்குக் கொண்டு சென்றனர் என்று கேட்பது கலைக்கு இழைக்கும் கொடுமையென்று சிலர் கருதக்கூடும். மாற்றத்தைப் பேசவந்த கலையிடம் அக்கேள்வியைக் கேளாதிருப்பதே அதனைவிடப் பெருங்கொடுமை.

இவ்வினாவிற்கு விடைதேடும் தமிழ்மாணவன், மலாயாவில் பத்தாண்டு வாழ்ந்த ஒரு மருத்துவர் பிற்காலத்தில் வகுத்தளித்த ஒற்றைத் தாளை எடுத்துப் பார்த்தல் வேண்டும். அத்தாள் சுவாமி சிவானந்தரின் ஆன்மிக நாட்குறிப்பு. அதனை நூலென்று கூறுதல் இயலாது. பாட்டென்றோ உரையென்றோ வகைப்படுத்தலும் இயலாது. அது வினாக்களின் பட்டியல். எனினும் இலக்கியத் திறனாய்வு அதனை ஒதுக்கிச் செல்லுமாயின் இழப்பு திறனாய்விற்கே.

திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையில் 1887-ஆம் ஆண்டு பிறந்த குப்புசாமி, தஞ்சையில் மருத்துவம் பயின்றவர். 1909-இல் திருச்சியில் 'அம்புரோசியா' என்னும் உடல்நல இதழைத் தொடங்கிச் சில ஆண்டுகள் நடத்தினார். 1913-இல் கப்பலேறி மலாயா வந்து, சிரம்பானையடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தின் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். ஏறத்தாழ ஏழாண்டு அங்கும், பின்னர் ஜொகூர் பாருவிலுமாகப் பணியாற்றி, 1923-இல் எல்லாவற்றையும் துறந்து இந்தியா திரும்பினார். அடுத்த ஆண்டு ரிஷிகேசத்தில் துறவு பூண்டார்; 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார்; 1963-இல் மறைந்தார். இவ்வளவும் பலர் அறிந்த செய்திகள்.

கதை விரும்புவோர் இங்கும் ஒரு கணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பர். மலாயாவில் அவரிடம் மருத்துவம் பெற்ற சாது ஒருவர் வேதாந்த நூலொன்றை அவர் கையில் தந்தார் என்பது அவரது வாழ்க்கை வரலாற்றில் காணப்படும் செய்தி. அந்த நூலே திருப்புமுனை என்று எழுதிவிட்டால் வரலாறு வடிவாக முடிந்துவிடும். ஆனால் துறவு பூண்டபின் அவர் செய்தது யாது? 1927-இல் தம் காப்புறுதிப் பணம் கைக்கு வந்தபோது, அதனைக் கொண்டு இலட்சுமணஜூலாவில் இலவச மருந்தகம் ஒன்றைத் திறந்தார். வீட்டைத் துறந்தார், ஊதியத்தைத் துறந்தார், பெயரையும் துறந்தார். மருந்துப் பெட்டியைத் துறக்கவில்லை. தோட்டத்துக் கூலிகளின் புண்ணைக் கழுவிய கை கங்கைக்கரை யாத்திரிகரின் புண்ணைக் கழுவிற்று. வாழ்க்கை மாற்றம் என்பது பழைய தொழிலை அழிப்பதன்று, அதன் உரிமையாளரை மாற்றுவது என்பதை இச்செயல் உணர்த்துகிறது.

இக்கருத்துத் தமிழ்க்குப் புதிதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய திருநாவுக்கரசர் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர், சூலைநோய் தீர்ந்த நிகழ்ச்சியிலேயே நெடுநேரம் நின்றுவிடுவது வழக்கம். வகுப்பறையில் அது சுவையான பகுதி. ஆனால் சேக்கிழாரின் நோக்கு அதற்கு முன்னும் பின்னும் பரந்துள்ளது. தம்பி சமண்பள்ளியில் தருமசேனராய்ப் புகழோங்கியிருந்த காலத்தில், தமக்கை திலகவதியார் திருவதிகைக் கோயிலில் நாடோறும் அலகிட்டு, மெழுகி, மலர்தொடுத்து வந்தார். நோய் பொறாது இரவில் ஓடிவந்த தம்பி திருநீறு பெற்றதும், அன்றைய வைகறைப் பணிக்குப் புறப்பட்ட அத்தமக்கையின் பின்னேதான் கோயிலுக்குள் புகுந்தார். அற்புதம் ஓரிரவில் நிகழ்ந்தது. அதனை ஏந்திக்கொண்ட கரமோ பல்லாண்டுகள் துடைப்பம் பிடித்துப் பழகிய கரம். பின்னர் நாவுக்கரசரும் உழவாரப்படையைத் தோளில் ஏந்தினார். கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்குவதையே வாழ்நாட்பணியாக்கிக் கொண்டார். ரப்பர்க் காட்டில் புல்வெட்டி வாழ்ந்த ஒருவருக்கு இவ்வடியாரின் கைக்கருவியை விளக்கப் படம் எதுவும் தேவைப்பட்டிராது.

சேக்கிழார் தொடர்நிலைச் செய்யுளாய் விரித்ததைச் சிவானந்தர் வினாத்தாளாய்ச் சுருக்கினார். மாதத்திற்கொரு தாள், நாளுக்கொரு கட்டம். எத்தனை மணிக்கு எழுந்தாய்? எத்தனை மணிநேரம் உறங்கினாய்? எத்தனை மாலை செபம் செய்தாய்? எவ்வளவு நேரம் தியானத்தில் இருந்தாய்? பயன்கருதாத் தொண்டில் எவ்வளவு நேரம் செலவிட்டாய்? ஈந்தது எவ்வளவு? எத்தனை பொய் சொன்னாய், அதற்கு உனக்கு நீயே விதித்துக்கொண்ட தண்டனை யாது? எத்தனைமுறை சினந்தாய், எவ்வளவு நேரம்? வீண்கூட்டத்தில் எத்தனை மணி கழித்தாய்? எக்குணத்தை வளர்க்கிறாய், எத்தீய குணத்தைக் களைகிறாய்? எப்பொழுது படுக்கைக்குச் சென்றாய்? வினாக்கள் இவ்வாறு செல்கின்றன.

இவ்வினாக்களில் அணியில்லை, உவமையில்லை, வடமொழி வேதாந்தச் சொற்களின் முழக்கமும் மிகுதியாக இல்லை. ஆன்மாவின் இயல்பு யாது என்று இத்தாள் எங்கும் கேட்பதில்லை. பெரும்பாலும் எத்தனை, எவ்வளவு, எப்பொழுது என்றே கேட்கிறது. இவ்வாறு கேட்கப்பட்டவன் தத்துவம் பேசித் தப்ப முடியாது. எண்ணைச் சொல்ல வேண்டும், அல்லது கட்டத்தை வெறுமையாக விட வேண்டும். வெறுங்கட்டமும் ஒரு விடையாகிவிடுவது இவ்வடிவத்தின் நுட்பம். அடுத்ததாக, செபமும் பொய்யும் ஒரே தாளில், ஒரே மையில், ஒரே வகை எண்ணால் பதியப்படுகின்றன. காலையில் இருபது மாலை உருட்டியவன் மாலையில் மூன்று பொய் சொல்லியிருப்பின், முன்னதைக் காட்டிப் பின்னதை மறைக்க வழியில்லை. இரண்டும் ஒரே நாளின் கட்டங்களில் நிற்கின்றன. பக்தியையும் ஒழுக்கத்தையும் தனித்தனி அறைகளில் வைத்துப் பூட்டிக்கொள்ளும் நம் வழக்கத்தின்மேல் இதனைவிட அமைதியான கண்டனம் எழுதப்பட்டதில்லை என்றே கூறலாம்.

இத்தகைய முயற்சிகளுள் அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்கிளினின் தன்வரலாற்றில் வருவது உலகப் புகழ்பெற்றது. அவர் பதின்மூன்று நற்பண்புகளை வரிசைப்படுத்தி, வாரத்திற்கொன்றாகக் கருத்தில் கொண்டு, தவறியபோதெல்லாம் சிறு குறிப்பேட்டில் கரும்புள்ளி இட்டார். பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாகிவிட்டதாக அவரே நகைச்சுவையுடன் எழுதுகிறார். பிராங்கிளின் தம்மைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவர். அச்சிரிப்பு சிவானந்தரின் தாளில் இல்லை. மாறாக, பிராங்கிளினிடம் இல்லாத ஒன்று இங்கே உண்டு. தன் குறையை இன்னொருவருக்குக் காட்ட வேண்டும் என்னும் விதி அது. தவறுகளை எழுத நாணவேண்டா என்றும், மாதமுடிவில் ஒரு படியைச் சங்கத்திற்கு அனுப்பி மேற்கொண்டு அறிவுரை பெறுக என்றும் அடிகள் பணித்தார்.

இனி, இத்தாளைத் தோட்டத்து மண்ணில் வைத்துப் படித்தல் வேண்டும். சிவானந்தர் பணியாற்றிய தோட்டம் பேராக்கைச் சேர்ந்ததன்று. ஆயினும் 1877-இல் கோலாகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்ட நாள்தொட்டுப் பையப் பைய விரிந்து, சுங்கை சிப்புட் முதல் தெலுக் இந்தான் வரை பரவிய பேராக் தோட்டங்களிலும் வாழ்வு ஏறத்தாழ ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருந்தது. விடியுமுன் பிரட்டுக்கு மணியடிக்கும். கங்காணி தலைகளை எண்ணுவார். கிராணி செக்ரோலில் பெயருக்கெதிரே குறியிடுவார். பால்வெட்டி இறங்கியபின் வாளியின் எடை பதிவாகும். வராதவன் பெயருக்கெதிரே வேறு குறி விழும். அதனால் சம்பளம் குறையும். மருத்துவமனையிலும் அவ்வாறே நோயாளிகளின் பதிவேடு இருந்திருக்கும். ஆக, தோட்டத்துத் தமிழன் கணக்கெழுதப்படாமல் ஒருநாளும் வாழ்ந்ததில்லை. அவன் விழித்த நேரம், உழைத்த அளவு, நோயுற்ற நாள் யாவும் ஏட்டில் ஏறின. ஏடு அவனுடையதன்று, எழுதுகோலும் அவனுடையதன்று.

சிவானந்தரின் நாட்குறிப்பை இப்பின்னணியில் காணும்போது அது வேறொரு பொருள் பெறுகிறது. தோட்டத்துப் பதிவேடுகளுக்கிடையே ஏழாண்டு வாழ்ந்த மருத்துவர், அப்பதிவேட்டையே உள்நோக்கித் திருப்பி, எழுதுகோலை உழைப்பவன் கையிலேயே கொடுத்தார் என்று கொள்ள இடமுண்டு. இஃது ஊகமே, அடிகள் இவ்வாறு எங்கும் கூறியதாகக் கொள்ளவேண்டா. ஆனால் பிறர் தன்னைப்பற்றி எழுதிய கணக்கையே கண்டு பழகிய ஒருவன், முதன்முறையாகத் தன்னைப்பற்றித் தானே ஒரு வரி எழுதுவானாயின், அது சிறிய நிகழ்ச்சியாகாது. அதற்கு அவனுக்கு எழுத்துத் தெரிந்திருக்க வேண்டும். தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஒற்றையறையில் பலகையில் அகரம் எழுதிப் பழகிய பிள்ளை, லயத்தில் தகப்பனுக்காக ஊர்க்கடிதம் எழுதிய காலத்தை நினைவுகூர்வோர் இதன் அருமையை உணர்வர்.

இனிக் குறைகளையும் கூறவேண்டும், புகழுரை திறனாய்வாகாது. அடிகள் வகுத்த இருபது உபதேசங்கள் நாட்குறிப்புடன் சேர்த்தே படிக்கப்படுபவை. வைகறை நான்கு மணிக்கு எழுக என்பது அவற்றுள் முதலாவது. பால்வெட்டும் தொழிலாளி பெரும்பாலும் அந்நேரத்தில் எழுந்தேயிருந்தான். அவனுக்குக் கிட்டாதிருந்தது எழுந்தபின் அமர்வதற்கு ஒரு நாழிகை. தியானத்திற்குத் தனியறை வேண்டும் என்பது மற்றொன்று. ஓரறையும் ஒரு திண்ணையும் ஒரு சமையற்கட்டுமாக எண்மர் வாழ்ந்த லயத்தில் தனியறைக்கு எங்கே போவது? இதனை அடிகள் அறியாதவரல்லர். அறை இல்லையேல் ஒரு மூலையைத் திரையிட்டு ஒதுக்கிக்கொள்க என்று உடனே சேர்த்துக் கூறுகிறார். திரைக்கு அப்பால் குழந்தை அழுதால் என்செய்வது என்பதை அவர் கூறவில்லை.

சுயதண்டனை பற்றிய பகுதியும் ஏற்கத்தக்கதாக இல்லை. பொய் சொன்னதற்கு ஈடாகச் செபமாலையைக் கூட்டுக என்னும் முறை, செபத்தையே தண்டனையாக்கிவிடும் தீங்குடையது. நூறுமுறை எழுதுமாறு தண்டிக்கப்பட்ட சொல்லை மாணவன் பின்னாளில் அன்போடு எழுதுவதில்லை என்பது எல்லா ஆசிரியரும் அறிந்ததே. இறைவன் பெயரை அந்நிலைக்குக் கொண்டுசெல்லலாகாது.

இவற்றினும் பெரிய குறையொன்று உண்டு. அதனை அறிய ஆண்டாளிடம் செல்ல வேண்டும். திருப்பாவையின் இரண்டாம் பாட்டும் ஒருவகையில் நோன்புப் பட்டியலே. உண்ணாது விடுபவை, சூடாது விடுபவை, செய்யாது விடுபவை, கொடுப்பவை என நோன்பின் ஒழுங்கு அங்கே அடுக்கப்படுகிறது. சிவானந்தரின் தாளுக்கும் அதற்கும் உறவு நெருங்கியது. வேறுபாடு தன்மையிடத்தில் உள்ளது. ஆண்டாளின் நோன்பை நோற்பவர் நாம். சிவானந்தரின் தாளை நிரப்புபவன் நான். திருப்பாவையில் நோன்பு அறைக்குள் தொடங்கவில்லை. முன்னெழுந்தவள் தெருவில் இறங்கி, உறங்குபவளின் வாயிலில் நின்று அழைக்கிறாள். எள்ளியும் கொஞ்சியும் சினந்தும் அழைக்கிறாள். உறங்குபவளை விட்டுவிட்டு முன்செல்லும் எண்ணமே அங்கில்லை. மணிவாசகரின் திருவெம்பாவையிலும் அதே வாயில், அதே அழைப்பு. மார்கழி வைகறையில் பேராக் தோட்டத்துக் கோயில்களில் இப்பாடல்கள் ஒலித்தபோது, லயத்தின் பலகைச் சுவரைத் தட்டி அடுத்த வீட்டுப் பிள்ளையை எழுப்பிக் கூட்டிச்சென்ற சிறுவர்கள் இலக்கணம் அறியாமலே அத்தன்மைப் பன்மையை வாழ்ந்தனர்.

தைப்பூச நோன்பு நாற்பத்தெட்டு நாள் நிலைப்பதற்கும் இதுவே காரணம் எனலாம். அந்நாள்களில் நோன்பாளி தனியனல்லன். வீட்டில் புலால் சமைப்பதில்லை; நண்பர்கள் அழைப்பதில்லை; கோயிலில் மாலைதோறும் உடன்நோற்பாரைக் காண்கிறான். அவனுடைய உறுதி என்று நாம் போற்றுவதில் பெரும்பங்கு அவனைச் சூழ்ந்தோரின் உறுதியாக இருந்தது. பூசம் முடிந்ததும் அச்சூழல் ஒரே நாளில் கலைகிறது. அவன் தனித்து விடப்படுகிறான். கள்ளுக்கடையோ இருந்த இடத்திலேயே இருந்தது. வீழ்ந்தவனை நோக்கி மனவலிமையில்லாதவன் என்று சொற்பொழிவாற்றுவது எளிது.

இந்த நாட்டுத் தோட்ட மக்கள் இவ்வுண்மையை ஒருமுறை தாமே கண்டறிந்தனர். கெடாவில் எழுந்த தொண்டர் படையின் இளைஞர்கள் 1947-இல் கள்ளுக்கு எதிராகத் திரண்டு கடைகளின் முன் மறியல் செய்தனர். தனித்தனியே எடுத்துத் தனித்தனியே முறிந்த சூளுரையை அவர்கள் ஊரறிய, ஒருங்கே எடுத்தனர். காவலருடன் மோதல் ஏற்பட்டது, உயிரிழப்பும் நேர்ந்தது, இயக்கம் ஒடுக்கப்பட்டது. வரலாற்றாசிரியர் இதனைத் தொழிலாளர் போராட்டமாக எழுதுவர், அது சரியே. ஆயின் நோன்பிலக்கியம் பயில்வோர் இதனை ஒரு பாவைநோன்பாகவும் படிக்கலாம். உறங்குபவனின் வாயிலில் போய் நின்ற நோன்பு அது.

அவ்வாறாயின் சிவானந்தரின் தாள் பயனற்றதா? அன்று. ஊர்கூடி எடுத்த நோன்பில் தன்னை மறைத்துக்கொள்ள இடமுண்டு. ஆயிரவர் நடுவே வேலேந்தி நடப்பவனை அன்று எத்தனை பொய் சொன்னாய் என்று கேட்பாரில்லை. அதனை அத்தாள் கேட்கிறது. மாதமுடிவில் படியை அனுப்புக என்னும் விதியும் தனியறையின் சுவரில் அடிகள் தாமே திறந்துவைத்த சாளரமாகும். குறை யாதெனில், அச்சாளரம் தொலைவிலுள்ள ரிஷிகேசத்தை நோக்கித் திறந்தது. அண்டைவீட்டை நோக்கித் திறக்கவில்லை. திலகவதியார் அண்டையில் இருந்தார். அதனால்தான் தம்பி ஓரிரவில் ஓடிவர முடிந்தது.

இன்று பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்களுட் பல எண்ணெய்ப் பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்களில் வாழ்ந்தோரின் மக்கள் ஈப்போவின் அடுக்குமாடிகளிலும் வரிசைவீடுகளிலும் வாழ்கின்றனர். இவற்றில் தனியறை உண்டு. கதவுக்குப் பூட்டும் உண்டு. அடிகள் விரும்பிய அறை அவர்களுக்கு ஒருவாறு கிட்டிவிட்டது. நான்கு மணிக்கு எழுப்ப மணியடிப்பாரில்லை, கைப்பேசி அடிக்கிறது. பலகைச்சுவர் போய்க் கற்சுவர் வந்துவிட்டமையால், அடுத்த வீட்டுப் பிள்ளையை எழுப்பவேண்டுமாயின் மார்கழியில் யாரேனும் ஒருவர் வாயிலைக் கடந்து, தெருவில் இறங்கி, அவ்வீட்டு இரும்புக் கதவைத் தட்டவேண்டியிருக்கிறது.